சேக்காளி

“சேக்காளிகதான் அவனக் கெடுத்தாங்க” என்று அக்கா தன் மகனைப் பற்றிச் சொன்னபோது நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்தில் எல்லாத் தாய்மாரும் சொல்வதுதான். பரீட்சையில் கோட்டை விட்டவன், வட்டிக்கு வாங்கி வண்டி எடுத்தவன், டாஸ்மாக் வாசலில் விழுந்து கிடந்தவன், எல்லோருக்கும் இந்த ஒரே தீர்ப்பு. பிள்ளைமேல் பழி விழாமல் பார்த்துக்கொள்கிற சொல். விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்துப் பேச்சில் ‘நண்பன்’ கிடையாது. அது கல்யாண பிளக்ஸில் மட்டும் வரும். வாயில் வருவது சேக்காளிதான். ‘சேர்க்கை சரியில்லை’ என்கிறோமே, அந்தச் சேர்க்கை அதற்குள் எங்கோ கேட்கிறது. இரண்டு வருடமாக அக்காவின் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. காரணம், போதையிலிருந்து அவனை வெளியே கொண்டுவர நாங்கள் ஊர் ஊராகத் தேடித் திரிந்ததும் கடைசியில் ஒரு சேக்காளியைத்தான். மதுரையில் பார்த்த மனநல மருத்துவர் ‘ஒத்த அனுபவம் உள்ளவர்கள்’ என்றார். சென்னையிலிருந்து போனில் பேசிய ஆலோசகர் ‘ஆதரவுக் குழு’ என்றார். பெயர் எதுவானாலும் ஆள் ஒன்றுதான்: இவன் பட்டதைப் பட்டவன், இவன் பக்கத்தில் உட்காரக் கூசாதவன். கெடுத்தவனின் லட்சணமும் அதேதான் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

அவனோடு சேர்த்து அவர்கள் நாலு பேர். கண்மாய்க் கரையில் சீமைக்கருவேலத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். நாலு பேருக்கு ஒரு ஊசி. இதைக் கேட்டதும் மருத்துவர் முதலில் எழுதிக்கொடுத்தது மருந்துச் சீட்டு அல்ல, எச்.ஐ.வி.க்கும் ஹெபடைட்டிஸ் சி-க்கும் ரத்தப் பரிசோதனை. அக்காவை உலுக்கியது அந்த ‘நாலு’. முப்பது வருடமாகப் பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிறவள் அவள். மருந்து புழங்குகிற அறைக்குள் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது சட்டம். அறைக்கும் அறைக்கும் நடுவே இடைவெளி விட்டிருப்பார்கள். ஒன்று போனால் அடுத்தது தப்பிக்க வேண்டும் என்ற கணக்கு. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் வருகிற விசாரணையில் அறைக்குள் கூடுதல் ஆட்கள் இருந்தார்கள் என்ற வரி தவறாமல் வரும். சேர்ந்து உட்கார்வதே ஆபத்து என்று எழுதிவைத்திருக்கிற தொழில் இது. இன்னொன்றும் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்துச் செத்தவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள் அல்ல. முதல் வெடிச் சத்தம் கேட்டு, யாரையாவது தூக்கலாம் என்று ஓடி வந்தவர்கள், வேடிக்கை பார்க்க வந்து நின்றவர்கள். அடுத்து வெடித்தது அவர்களைக் கொண்டு போயிற்று. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் சத்தம் கேட்டால் ஓடுவதா நிற்பதா என்று கால் ஒரு நொடி யோசிக்கிறது.

மருந்து என்றேன். வெளியூர்க்காரர்களுக்கு இந்தச் சொல் ஆஸ்பத்திரியை நினைவுபடுத்தும். இங்கே மருந்து என்றால் வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் சேர்ந்த கலவை. ‘மருந்து குடிச்சிட்டான்’ என்றால் பூச்சிமருந்து, உடனே ஆட்டோ தேட வேண்டும். மாமியார் வீட்டில் ‘மருந்து வச்சிட்டாங்க’ என்றால் அது வேறு. வள்ளுவர் 93-வது அதிகாரத்தில் கள்ளுண்ணாமையை வைத்தார், 95-ல் மருந்தை வைத்தார், நடுவே சூதாட்டத்துக்கு ஓர் அதிகாரம். அவர் எதை நினைத்து அடுக்கினாரோ, என் மருமகன் அந்த மூன்றையும் நாலே மாதத்தில் கடந்துவிட்டான். அவன் எடுத்தது டேபென்டடால் என்கிற வலி மாத்திரை. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் தாளாத வலிக்காரர்களுக்கும் சீட்டு பார்த்துக் கொடுக்க வேண்டியது. அபின் காயிலிருந்து வருவது அல்ல, ரசாயனமாகத் தயாரிப்பது. ஆனாலும் மூளைக்குள் போய் உட்காருகிற இடம் மார்ஃபின் உட்காருகிற அதே இடம்தான். விழுங்குவதற்காகச் செய்ததை ரத்தக்குழாயில் ஏற்றினால், மாத்திரையைக் கெட்டியாக்கச் சேர்த்த பொடியும் கூடவே போய் அடைக்கும். சீழ் பிடிக்கும், சிலருக்குக் கை கறுக்கும். அவனுடைய இடது முழங்கைக்குள் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தழும்பு இருக்கிறது. முழுக்கைச் சட்டை போடுகிறான், சித்திரை வெயிலிலும். இதே மருந்து வகைக்காகத் தீக்காய வார்டில் கிடக்கிறவர்கள் எப்படிக் கதறுவார்கள் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒரே பொருள் ஒருவனுக்குக் கிடைக்காமல் வதைக்கிறது, இன்னொருவனுக்குக் கிடைத்து வதைக்கிறது.

ஒரு குழு இருக்கிறது, வாரம் ஒருமுறை கூடுகிறார்கள் என்று அக்காவிடம் சொன்னபோது அவள் கேட்ட முதல் கேள்வி, “வாரம் எவ்வளவு கட்டணும்?” சிரிக்க முடியவில்லை. எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் குழு என்றால் கடன். 1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழு தமிழ்நாடு முழுக்கப் பரவி, பிறகு நுண்கடன் கம்பெனிகளும் அதே பெயரில் நுழைந்து, வட்டமாக உட்கார்வது என்பதே தவணை கட்டுவது என்றாகிவிட்டது. ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் அவள் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். ஆக, பத்துப் பேர் சேர்ந்து ஒருவரை விழாமல் பிடிப்பது என்பதற்கு அக்காவிடம் அர்த்தம் ஏற்கெனவே இருந்தது, அது நெரிக்கிற பிடியாக இருந்தது. இங்கே ஒன்றும் கட்ட வேண்டாம், முடிந்தால் டீச்செலவுக்கு ஒரு பை சுற்றி வரும், இஷ்டம் இருந்தால் போடலாம், வெளியாள் யார் கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள் என்று விளக்கினேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. சும்மா எவன் வந்து உட்காருவான்?

அந்தக் கூட்டம் சாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் நடந்தது. மூன்றாம் வகுப்பாக இருக்க வேண்டும். கரும்பலகையில் பாதி அழிந்த வகுத்தல் கணக்கு. பிள்ளைகளின் குட்டை பெஞ்சுகளில் முழங்காலை நெஞ்சுக்கு ஏற்றி உட்கார்ந்திருந்தார்கள் பன்னிரண்டு ஆண்கள். நாற்பதுக்குக் கீழே யாரும் இல்லை. சுண்ணாம்புத்தூள் வாசம், யாரோ கொண்டுவந்த சாத்தூர்ச் சேவு, பேப்பர் கப்பில் ஆறிக்கொண்டிருக்கிற டீ. ஒவ்வொருவராக எழுந்து “நான் ஒரு குடிநோயாளி” என்று தொடங்கினார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடித்தது. குடிகாரன் என்பது ஊர் வைத்த பெயர், குடிநோயாளி அவர்களே எடுத்துக்கொண்டது. ஒருவர் பெண் கல்யாணத்தன்று மண்டபத்துக்கு வெளியே கட்டிப்போடப்பட்டதைச் சொன்னார். கட்டிப்போட்டது யார் என்று சொல்லவில்லை. கயிறு தேங்காய் நார்க் கயிறு என்று மட்டும் சொன்னார். யாரும் ‘அச்சச்சோ’ என்று சொல்லாதது எனக்கு விநோதமாக இருந்தது. கேட்டார்கள், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் ஒருவர் தன் துயரத்தைச் சொல்லி முடிக்கும் முன்பு யாரும் அறிவுரை சொல்லித் தொலைக்காமல் இருந்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்னோடு வந்திருந்த மருமகனின் முறை வந்தது. எழுந்து பெயர் சொன்னான். “நான் மாத்திர போடுவேன். ஊசி” என்றான். அறைக்குள் என்னவோ அசைந்தது. கூட்டத்தை நடத்திய பெரியவர், குரலில் ஒரு கடுமையும் இல்லாமல் சொன்னார்: “தம்பி, உக்காந்து கேளு. ஆனா இங்க குடிகாரங்க குடியப் பத்தி மட்டுந்தான் பேசுவோம். அது எங்க வழக்கம்.”

அந்த வழக்கத்தின் நியாயம் எனக்குப் பிறகு புரிந்தது. எல்லா நோயையும் உள்ளே விட்டால் கூட்டம் எதற்கென்று இல்லாமல் போகும். அமெரிக்காவிலும் இதே இடத்தில்தான் முட்டியிருக்கிறார்கள். குடிநோயாளிகளின் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-ல் தொடங்கியது. போதைப்பொருள் எடுத்தவர்கள் அதற்குள் முழுதாக ஒட்ட முடியாமல் 1953-ல் கலிஃபோர்னியாவில் நார்காட்டிக்ஸ் அனானிமஸ் என்று தனியாக உட்கார்ந்தார்கள். மீள்வதற்கான படிகளில் முதலாவதில் ‘மது’ என்றிருந்த இடத்தில் ‘எங்கள் அடிமைத்தனம்’ என்று மாற்றியதுதான் அவர்கள் செய்த பெரிய திருத்தம். சென்னையில் அந்தக் கூட்டங்கள் நடக்கின்றன. கரிசல் காட்டில் வாரக்கூலி வாங்குகிற இருபத்துமூன்று வயசுக்காரன் சென்னைக்கு எப்படிப் போவான்? எய்ம்ஸ் நடத்திய ஆய்வு 2019-ல் வெளிவந்தது. அதன்படி இந்தியாவில் குடிப்பவர்கள் சுமார் 16 கோடி, அபின் வகைப் பொருள்களை எடுப்பவர்கள் சுமார் 2.26 கோடி. குடிநோயாளிக்குப் பக்கத்து ஊரில் ஒரு மூன்றாம் வகுப்பு அறை கிடைக்கிறது, மாத்திரைக்காரனுக்குப் போன் திரையில் கட்டம் கட்டமாக முகங்கள் கிடைக்கின்றன. அவன் இரண்டு முறை அந்தப் போன் கூட்டத்தில் நுழைந்தான், கேமராவை அணைத்துவிட்டு. இங்கிலீஷும் சென்னைத் தமிழும் கலந்த பேச்சு. “எல்லாரும் நல்லாத்தான் பேசுறாங்க மாமா. ஆனா எனக்குச் சேக்காளி மாதிரி இல்ல.” சாத்தூர் கூட்டத்தைப் பற்றியும் அதையே சொன்னான். வயசு வேறு, பொருள் வேறு, அவர்களுக்குப் பேத்தி இருக்கிறது. ஒத்தவர் என்று யாரைச் சொல்வது? அழிந்த விதம் ஒன்றாக இருந்தால் போதுமா, அழித்த பொருளும் ஒன்றாக இருக்க வேண்டுமா, சாதியும் தெருவும்கூடவா?

கடைசியாகச் சொன்னது வாய் தவறி வந்தது அல்ல. பெயரில்லாமல் உட்கார்வது என்பதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். எங்கள் ஊரில் ஒரு பையன் டீக்கடையில் புதிதாக நின்றால் இரண்டாவது கேள்வி ‘எந்தத் தெரு?’ மூன்றாவது ‘யார் மகன்?’ அதற்குள் எல்லாம் தெரிந்துவிடும். இந்த மண்ணில் அனானிமஸ் என்பது வெறும் இறக்குமதிச் சரக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கார்த்திகை மாசம் வந்தது. மாலை போட்டவனுக்குப் பெயர் போய்விடுகிறது. முதலாளியும் சாமி, லோடுமேனும் சாமி. வருடம் முழுக்கக் குடித்தவன் நாற்பத்தோரு நாள் தொடாமல் இருக்கிறான், எந்த டாக்டரும் இல்லாமல். குருசாமி இருக்கிறார், முதல் தடவை போகிற கன்னிசாமி அவர் பேச்சைத் தட்டக் கூடாது. அதிகாலையில் ஒன்றாகக் குளியல், ராத்திரி ஒன்றாகப் பஜனை, ஒருவன் தடுமாறினால் இன்னொரு சாமி பார்த்துக்கொள்வார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸைத் தொடங்கிய அக்ரான் நகரத்துக்காரர்கள் கண்டுபிடிப்பதற்கு முன்பே நம்மிடம் இருந்தது என்று மார்தட்டிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. ஆனால் மலையிறங்கி வருகிற வேனிலேயே பாட்டில் திறக்கிற சாமிகளையும் பார்த்திருக்கிறேன். நாற்பத்தோராவது நாள் ஒன்று இருப்பதால்தான் முப்பத்தொன்பதாவது நாளைத் தாண்ட முடிகிறது போலும். சாத்தூர் வகுப்பறையில் இருந்தவர்களுக்கு மாலையைக் கழற்றுகிற நாளே கிடையாது. அதனால்தான் அவர்கள் ‘இன்று மட்டும்’ என்று கணக்கைச் சுருக்கிக்கொள்கிறார்கள். மருந்து கலக்குகிற வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அங்கே அதை வேறு மாதிரி சொன்னார்: “அன்னன்னைக்குக் கலக்குன மருந்த அன்னன்னைக்கே தீத்திறணும். மிச்சம் வச்சா ராத்திரி ஈரம் ஏறிக் காலைல கைய வச்சதும் போயிரும். அப்படித்தான் எனக்கு நேத்தும்.” ஆலைக்காரர்களுக்கு இது பாலபாடம். எனக்கு மெய்சிலிர்த்தது, உடனே நோட்டில் எழுதிக்கொண்டேன். திரும்பும்போது அவனிடம் கேட்டேன், எப்படிச் சொன்னார் பார்த்தாயா என்று. அவன் கவனிக்கவே இல்லை. அந்த நேரம் அவனுக்குக் கால் குடைச்சல். மாத்திரையை விட்டவர்களுக்கு எலும்புக்குள் எறும்பு ஊர்வது போல இருக்குமாம், காலை உதறிக்கொண்டே இருக்க வேண்டும். குட்டை பெஞ்சுக்கு அடியில் உதற இடமில்லை.

அந்தக் கால் குடைச்சலுக்கு உவமையால் ஆவது ஒன்றும் இல்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. குடியை விடுவதற்குக் கூட்டங்கள் உதவுகின்றன, வேறு சிகிச்சைகளுக்குக் குறையாமலும் சிலவற்றைவிட மேலாகவும் உதவுகின்றன என்று 2020-ல் வந்த காக்ரேன் ஆய்வுத்தொகுப்பு சொல்கிறது. அபின் வகைக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இங்கே உயிரைப் பிடித்துவைப்பது பியூப்ரினார்ஃபின், மெத்தடோன் மாதிரியான மருந்துகள். உடம்பு கேட்பதைக் கொஞ்சமாக, சீராகக் கொடுத்து, ஏற்ற இறக்கம் இல்லாமல் வைப்பவை. சில வாரம் எதுவும் எடுக்காமல் இருந்துவிட்டு, பழைய அளவை நம்பி ஒரே ஒரு தடவை எடுப்பவன்தான் அதிகம் சாகிறான். உடம்பு பழைய தாங்கும் சக்தியை இழந்திருக்கும், மூச்சு நின்றுவிடும். அவனுக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்தது நாக்குக்கு அடியில் வைக்கிற பியூப்ரினார்ஃபின். அதைப் பற்றிப் போன் கூட்டத்தில் ஒரு தடவை வாய் திறந்தான். யாரோ கேட்டார்கள், “அப்ப நீ இன்னும் க்ளீன் இல்லையே?” கேட்டவர் கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டார், அவருக்கு ஒன்றுமே இல்லாமல் பதினோரு வருடமாம். எங்கள் வீட்டிலும் ‘மாத்திரையை விட மாத்திரையா’ என்று கேட்காத சொந்தம் இல்லை. அன்றைக்கு ராத்திரி அவன் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்காமல் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். கூட்டத்தை நம்பச் சொன்ன நானே அன்று அதை நம்பாதே என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒருவனைத் தாங்குகிற வட்டம் தன் விதிக்குள் அடங்காத இன்னொருவனைத் தள்ளியும் விடும். சாதிக்கூட்டம் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை.

இருந்தாலும் அந்தக் கூட்டங்கள் பிறந்த அக்ரான் கதையை என்னால் உதற முடியவில்லை. வேலையாக அந்த ஊருக்குப் போய்த் தோற்றுப்போன நியூயார்க் பங்குத் தரகர் ஒருவர் 1935 மே மாதம் ஹோட்டல் வராந்தாவில் நிற்கிறார். குடியை விட்டுச் சில மாதங்கள்தான். ஒரு பக்கம் பாரில் சிரிப்புச் சத்தம், இன்னொரு பக்கம் டெலிபோன். தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து நம்பர் சுற்றி அவர் தேடியது தன்னைக் காப்பாற்றுகிற ஆளை அல்ல, இன்னொரு குடிகாரனை. கிடைத்தவர் ஓர் அறுவைச் சிகிச்சை மருத்துவர். கால் மணி நேரம் என்று ஒப்புக்கொண்டு வந்தவர் ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தார். இதற்குப் பிறகும் அந்த மருத்துவர் ஒரு தடவை சறுக்கினார். அறுவைச் சிகிச்சைக்குப் போக வேண்டிய காலையில் கை நடுங்க, தரகரே அவருக்கு ஒரு பீர் கொடுத்து அனுப்பினார். அதுதான் மருத்துவரின் கடைசிக் குடி, ஜூன் 10 என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். புனித வரலாறு மாதிரி இதைச் சொல்கிறவர்கள் அந்த பீரைத் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு அந்த பீர்தான் முக்கியம். சுத்தம் அசுத்தம் பார்க்காமல், அந்தக் காலைக்கு என்ன தேவையோ அதை ஒரு சேக்காளி இன்னொரு சேக்காளிக்குக் கொடுத்திருக்கிறான். அப்புறம், உதவப் போனவனுக்குத்தான் உதவி அதிகம் தேவைப்பட்டது என்பது. முதலிப்பட்டியில் ஓடிவந்தவர்களை நினைத்துக்கொண்டுதான் இதையும் நினைக்கிறேன்.

நாலு பேரில் ஒருவன் திருப்பூர் போய்விட்டான். ஒருவன் வழக்கில் மாட்டிக்கொண்டு மதுரையில் இருக்கிறான். மிச்சம் இவனும் இன்னொருத்தனும். அந்த இன்னொருத்தன் இப்போதும் எடுக்கிறான் என்று அக்காவுக்குத் தெரியும், வாசல்படி ஏறக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறாள். இவன் ஊசியை விட்டு மார்கழியோடு ஏழு மாதம். பேக்கிங் வேலைக்குப் போகிறான், சனிக்கிழமை கூலியை அப்படியே அக்காவிடம் கொடுக்கிறான், மாத்திரை அட்டை அவள் முந்தானை முடிச்சில் இருக்கிறது. போன வாரம் நான் அங்கே தங்கியிருந்த ராத்திரி பதினோரு மணிக்கு மேல் அவன் போன் அடித்தது. இரண்டே வார்த்தை பேசினான். எழுந்து சட்டை மாட்டினான், பிளாஸ்கில் வெந்நீர் பிடித்தான், அலமாரியிலிருந்து இரண்டு பிஸ்கட் பாக்கெட் எடுத்தான்.

“எங்கப்பா இந்நேரம்?”

“அவன்தான் மாமா. உதறுதாம். ரெண்டு நாளாச்சாம் போட்டு. தனியா இருக்கான்.”

“நான் வரட்டுமா?”

“நீங்க வந்தா பேச மாட்டான்.”

கூட்டங்களைப் பற்றி அவனுக்கு நான்தான் மாதக்கணக்காகச் சொன்னேன், போய் உட்கார், கேள், உன் கதையைச் சொல் என்று. இப்போது போகாதே என்று சொல்ல நாக்கு எழவில்லை, போ என்று சொல்லவும் எழவில்லை. வண்டி தெருமுனை திரும்பிக் கண்மாய்ப் பக்கம் போகிற சத்தம் கேட்டது. அக்கா தூங்கியிருக்கவில்லை. விளக்கைப் போட்டாள், முந்தானை முடிச்சை அவிழ்த்து அட்டையை வெளிச்சத்தில் பிடித்து எண்ணினாள். கணக்கு சரியாக இருந்தது. ஒருமுறை என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள்.